பன்னிப் புல்வெளியும் அதன் மால்தாரிகளும்

குஜராத் மாநிலத்தின் மேற்கோரத்திலுள்ள கட்ச் மாவட்டத்தில், பூஜ் நகரிலிருந்து வடக்கே செல்லும் சாலை குன்றுகளைக் கடந்து இறங்குமிடத்தில், ஒரு புறம் பெரிய ரண் என்னும் உப்புப் பாலையும் மறுபுறம் கட்சின் மேட்டு நிலமும் நிற்க, இடையே சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் தட்டையாக விரிந்து கிடக்கும் பூமிக்குப் பன்னி என்று பெயர். ஆசியாவின் பெரிய புல்வெளிகளுள் ஒன்றென அதனைப் புகழ்ந்து எழுதுவோர் உண்டு. அந்தப் புகழ்ச்சியை நம்பிக் கோடைக்காலத்தில் அங்கே போகிறவன் கண்ணுக்குப் புல் அநேகமாகத் தென்படாது. பொருக்கு வெடித்த சாம்பல் நிற மண்ணும், உப்புப் பூத்த பள்ளங்களும், அவற்றுக்கிடையே நம் இராமநாதபுரத்துக்காரர் பார்த்த மாத்திரத்தில் இனங்கண்டுகொள்ளக்கூடிய சீமைக் கருவேலமுமே தென்படும்.

இத்தகைய பிரதேசத்தில் மாடு வளர்த்து ஜீவிப்போருக்கு நேரும் கஷ்டம் யாது என்று கேட்டால், மழையின்மை என்று யாரும் யோசியாமல் விடை சொல்லிவிடுவர். சர்க்கார் அறிக்கைகளும் பெரும்பாலும் அவ்வாறே சொல்லுகின்றன. என் அபிப்பிராயம் வேறு. மழையின்மையோடு வாழும் வித்தை அம்மக்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. அவர்கள் திணறி நிற்பதெல்லாம், மழையின்மைக்கும் உப்புக்கும் பரிகாரமென்று பிறர் நல்லெண்ணத்தோடு செய்துவைத்த காரியங்களின் முன்னேதான். இதனை நிரூபிக்க வேண்டுமாயின் முதலில் அந்த வித்தை இன்னதென்று பார்க்க வேண்டும்.

பன்னியில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சராசரியாக 300 மில்லிமீட்டரை ஒட்டியது. ஆனால் சராசரி என்னும் சொல்லுக்கு அங்கே மிகுந்த அர்த்தமில்லை. ஓராண்டு இரட்டிப்பாகப் பொழிந்து நிலம் முழுவதையும் ஏரியாக்கும். அடுத்த இரண்டு ஆண்டுகள் தூறலோடு நின்றுவிடும். 2018ஆம் ஆண்டுப் பருவமழை கட்ச் முழுவதற்குமே வழக்கத்தில் காற்பங்கு அளவாகத்தான் கிடைத்தது. இவ்வாறு மாறும் சுபாவமுள்ள நிலத்தில் இத்தனை ஏக்கருக்கு இத்தனை மாடு என்று கணக்கிட்டு நிறுத்திவைப்பது, மழை வந்த வருஷத்தில் புல்லை வீணாக்குவதும் வராத வருஷத்தில் மாட்டைக் கொல்வதுமாகவே முடியும். ஆதலால் மால்தாரிகள் எனப்படும் அம்மக்கள் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. வேலி போட்டுக்கொள்ளவும் இல்லை. எங்கே மழை விழுந்ததோ அங்கே மந்தை போகும். பன்னி முழுவதும் காய்ந்தால் தெற்கே கட்சின் வயற்காடுகளுக்கும், அதற்கப்பால் சௌராஷ்டிரத்துக்கும், தேசம் பிரிவதற்கு முன்பு வடக்கே சிந்து மாகாணத்துக்கும் போகும். மழை பெய்தவுடன் யாவரும் திரும்பி வருவர். ஜத், முத்வா, ஹாலேபோத்ரா, ராய்சிபோத்ரா, நோடே எனப் பல குலத்தினராகிய இம்மக்களுள் பெரும்பாலோர் சிந்து தேசத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மந்தைகளோடு வந்து சேர்ந்தவர்கள், இஸ்லாத்தைத் தழுவியவர்கள். கால்நடையையே ஆஸ்தியாக உடையவர் என்ற பொருளில் மால்தாரி என்பது அனைவருக்கும் பொதுப்பெயர்.

குடிநீருக்கு அவர்கள் கண்ட உபாயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பன்னியில் எங்கே தோண்டினாலும் நிலத்தடியில் இருப்பது உப்புநீர். எனினும் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி வற்றும் தாழ்வான பள்ளங்களில், கீழே இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட இலேசானதாகையால் அதனோடு உடனே கலந்துவிடாமல் அதன்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. பள்ளம் வற்றிய பிறகு அதன் தரையில், ஆள் இறங்கி நிற்கக்கூடிய ஆழத்துக்கு, வீர்தா என்னும் ஊற்றுக்குழிகளைத் தோண்டுவர். மண் சரியாமலிருக்க மரக்கட்டைகளைச் சதுரமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, கட்டைக்கும் மண்ணுக்கும் இடையே புல்லைத் திணித்து வடிகட்டியாக்குவர். குழியருகே களிமண்ணால் ஒரு தொட்டி; ஒருவர் இறைத்து ஊற்ற மாடுகள் முறையாக வந்து குடித்துச் செல்லும். இறைப்பதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: பேராசையால் அதிகம் இறைத்தால் மேலிருக்கும் நன்னீர்ப் படலம் தீர்ந்து அடியிலுள்ள உப்புநீர் ஏறிவிடும், அப்படி ஏறிய குழியை விட்டு வேறொன்று தோண்ட வேண்டியதுதான். கருவியென்று மண்வெட்டியைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள், நவீன நிலத்தடி நீரியல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு தத்துவத்தைக் கையால் தடவி அறிந்து வைத்திருந்தார்கள் என்பதில் எனக்குள்ள வியப்பு இன்னும் தீர்ந்தபாடில்லை.

அந்தக் காலத்தில் அவர்களுடைய பிரதான செல்வம் காங்கிரேஜ் என்னும் மாட்டினம். வெள்ளிச் சாம்பல் நிறமும், யாழின் வளைவை ஒத்த பெருங்கொம்புகளும், தலையை நிமிர்த்திப் பின்னங்காலை முன்னங்காலின் சுவட்டுக்கு முன்னே எட்டி வைக்கும் நடையும் உடைய இம்மாடுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரேசில் தேசத்தார் கப்பலேற்றிக்கொண்டு போய், குஸெரா என்ற பெயரில் அங்கே ஒரு பெரிய இனமாகப் பெருக்கிவிட்டனர். பன்னியில் பால் நெய்யாயிற்று. நெய் சந்தைக்குப் போயிற்று. ஆனால் பெரும் வருமானம் காளைக் கன்றுகளிலிருந்தே வந்தது. குஜராத்தின் உழவர்களுக்கு உழவுக்கும் வண்டிக்கும் வேண்டிய எருதுகளை வளர்த்து விற்பதே மால்தாரியின் வியாபாரம். கட்ச் சமஸ்தானத்தின் மன்னர்களும் இந்த நிலத்தின் மதிப்பை அறிந்திருந்தனர். பன்னியைக் கறவைகளுக்கும் பெருமாடுகளுக்குமான மேய்ச்சல் காப்பாக ஒதுக்கி, புல்லை வேரோடு கறம்பும் ஆடுகளை உள்ளே விடலாகாதென்று விலக்கி, தலைக்கு இவ்வளவென்று மேய்ச்சல் வரி வாங்கி வந்தார்கள். ராஜாங்கம் வரியைத்தான் கருதியது, புல்லையன்று, என்று ஒருவர் வாதிக்கலாம். வாதம் சரியாகவே இருக்கட்டும், புல் இருந்தாலன்றி வரி இல்லை என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இயற்கை அவர்களுக்குச் செய்த சோதனைகள் சாமானியமல்ல. 1819ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் நேர்ந்த பூகம்பத்தில் ரண்ணின் குறுக்கே பல கல் நீளத்துக்கு நிலம் மேடாக எழும்பி, சிந்து நதியின் கீழைக் கிளையை மறித்தது. சிந்த்ரி என்னும் கோட்டை நீரில் மூழ்கியது. அல்லா பந்த் என்று ஜனங்கள் பெயரிட்ட அந்தக் கரையைப் பற்றி, சார்லஸ் லயல் தமது பூதத்துவ நூலில் விஸ்தாரமாக எழுதினார். அதற்குப் பிறகும் க்ஷாமங்கள் வந்தன, போயின. மந்தைகள் குறைந்தன; திரும்பப் பெருகின.

பிறகு வந்தவை மனிதர் செய்தவை. 1947இல் எல்லைக்கோடு விழுந்து சிந்துவுக்குச் செல்லும் வழி சட்டப்படி அந்நிய வழியாயிற்று. 1965இல் அதே ரண்ணில் யுத்தம் மூண்ட பிறகு அது முற்றிலும் அடைபட்டது. க்ஷாம காலத்தில் மந்தை ஒதுங்கக்கூடிய பரப்பில் ஒரு பெரும் பகுதி ஒரே தலைமுறைக்குள் இல்லாமற்போயிற்று. சில ஆண்டுகளில் குஜராத்தின் வயல்களில் டிராக்டர் இறங்கி, எருதின் விலையைத் தட்டிவிட்டது. இவையிரண்டும் பன்னியை உத்தேசித்துச் செய்யப்பட்டவையல்ல. பன்னியை உத்தேசித்தே செய்யப்பட்டது மூன்றாவது.

ரண்ணின் உப்பு புல்வெளிக்குள் முன்னேறி வருகிறதென்று அஞ்சிய வனத்துறை, அதனைத் தடுக்க ஒரு பசுமை அரணாக, 1961ஆம் ஆண்டில் சுமார் 31,550 ஹெக்டேர் நிலத்தில் சீமைக் கருவேலத்தை வளர்க்க முற்பட்டது. நீரும் உரமும் கேளாமல், உப்பிலும் வறட்சியிலும் தழைத்து, வெட்ட வெட்டத் துளிர்க்கும் அம்மரம் அதிகாரிகளின் கண்ணுக்குக் கற்பகமாகத் தோன்றியதில் வியப்பில்லை. தென்பாண்டி நாட்டிலும் விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க வந்த தெய்வமாகவே அது தோன்றியது. கட்சின் ஜனங்கள் இட்ட பெயரோ காண்டோ பாவல், அதாவது பைத்தியக் கருவேலம். அதன் நெற்று இனிக்கும். மாடு விரும்பித் தின்னும். தின்ற விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து முன்னிலும் எளிதில் முளைக்கும். மந்தை எங்கெங்கே சென்றதோ அங்கெல்லாம் மரம் பின்தொடர்ந்தது. அரை நூற்றாண்டு கழிவதற்குள் பன்னியில் பாதிக்கு மேற்பட்ட பரப்பை அது கவிந்துகொண்டது. அதன் நிழலின் கீழ்ப் புல் முளைப்பது அரிது.

நெற்றையே முக்கிய உணவாகக் கொண்ட மாட்டுக்கு நேரும் கதி பரிதாபமானது. இரைப்பை கெடுவது ஒருபுறமிருக்க, அந்நெற்றிலுள்ள ஒரு நஞ்சு தாடையை இயக்கும் நரம்புகளைத் தாக்குகிறது. மாடு ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்லும். கன்னத்துச் சதை வற்றும். நாக்கு வெளியே தொங்கும். வாயில் வைத்த இரை நழுவும். தீவனம் எதிரே கிடக்கப் பட்டினியால் மெலிந்து சாகும். இதனைப் பிரேசிலின் வறண்ட வடகிழக்குப் பகுதியில் கால்நடை வைத்தியர்கள் நன்றாக ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர். அங்கேயும் இதே மரத்தைத் தீவனத்துக்கென்று கொண்டுவந்து நட்டார்கள். காங்கிரேஜின் வழித்தோன்றல்கள் ஏழு கடல் தாண்டிப் போன இடத்திலும் அந்த மரம் அவற்றை விடவில்லை.

உப்பை மரத்தால் தடுக்க முனைந்தவர்கள், அதே காலத்தில் உப்பைக் கழுவிவந்த நீரை அணையால் நிறுத்தினார்கள் என்பது இதைவிட விசித்திரம். கட்சின் மேட்டு நிலத்திலிருந்து வடக்கே பாயும் காரி, நிரோணா முதலிய சிற்றாறுகள் மழைக்காலத்தில் வண்டலையும் நன்னீரையும் பன்னியின்மீது பரப்பி வந்தன. புல்வெளிக்கு அவை ஆண்டுக்கொருமுறை நடக்கும் ஸ்நானம். பூஜ் நகருக்கருகே காரியின் மீது ருத்ரமாதா அணையும், நிரோணாவின் மீது மற்றோர் அணையும், வேறு சிற்றணைகளும் தேசம் சுதந்திரமடைந்த பின் எழுந்தன. அணைக்கு மேலுள்ள உழவர்கள் பயனடைந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. கீழே மண்ணில் உப்பு தங்கிற்று. நன்னீர்ப் படலம் குன்றிற்று. வீர்தாக்கள் பலவும் கைவிடப்பட்டுக் குழாய்த் தண்ணீரும் லாரித் தண்ணீரும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. இரண்டு இலாகாக்கள் ஒரே நிலத்துக்கு எதிரெதிரான வைத்தியம் செய்தன; நோயாளியை யாரும் கேட்கவில்லை.

நோயாளி தானாகவே ஒரு வழி தேடிக்கொண்டதுதான் பன்னியின் சரித்திரத்தில் மிகவும் கவனிக்கத் தகுந்த அத்தியாயம். மால்தாரிகள் மாட்டிலிருந்து எருமைக்கு மாறினார்கள். எருமை அங்கே புதிதல்ல; ஆயினும் அது பிரதானமானது இக்காலத்தில்தான். சீமைக் கருவேல நெற்றை எருமை மாட்டைவிட நன்றாகத் தாங்குகிறது. கொழுப்பு மிகுந்த அதன் பாலுக்குக் கொழுப்பின் அளவைப் பார்த்து விலை போடும் கூட்டுறவுச் சங்கத்தில் அதிகம் கிடைக்கிறது. விற்க முடியாத காளைக்கன்று என்ற தலைவலியும் குறைகிறது. இரட்டைச் சுருளாக வளைந்த கொம்புகளையுடைய பன்னி எருமை கோடையில் மேயச் செல்வது இரவில். அந்தி சாயும்போது மணி கட்டிய மூத்த எருமை முன்னே நடக்க, மந்தை இருளுக்குள் போய் மேய்ந்து, விடியற்காலையில் கறவைக்குத் தானே வீடு திரும்பும். ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு, பெயர் சொல்லி அழைத்தால் கூட்டத்திலிருந்து பிரிந்து வரும். வெயிலைத் தவிர்க்கவும், அலைச்சலில் நீர் வற்றாதிருக்கவும் வளர்ப்போர் தெரிந்தெடுத்துப் பழக்கிய குணம் இது. 2010இல் கர்னாலிலுள்ள தேசியக் கால்நடை மரபுவள நிறுவனம் இதனைத் தனி இனமாக அங்கீகரித்தது. பட்டம் பெற்ற நிபுணர் ஒருவரும் உடன் நில்லாமல் எழுத்தறிவு குறைந்த மக்கள் உண்டாக்கிய இனம் என்பதை அந்தச் சான்றிதழின் ஓரத்திலாவது பொறித்திருக்கலாம்.

2001ஆம் ஆண்டுப் பூகம்பத்துக்குப் பிறகு கட்சுக்குச் சாலைகளும், கூட்டுறவுப் பாலின் குளிரூட்டு நிலையங்களும் வந்தன. அதற்கு முன் பாலைக் காய்ச்சி மாவா என்னும் கோவாவாக்கி, கெடாமல் பூஜுக்கு அனுப்புவது ஒன்றே வழி; அடுப்புக்கு அந்தப் பைத்தியக் கருவேலமே விறகு. இப்போது பால் பாலாகவே விலையாகிறது, காசு முறையாக வருகிறது. இதனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல குடும்பங்கள் இதனால் கரையேறியிருக்கின்றன. ஆனால் விலை ஒன்று உண்டு. எருமைக்கு மாட்டைவிடத் தண்ணீர் அதிகம் வேண்டும், புரளக் குட்டை வேண்டும், காததூரம் நடக்க அதற்கு மனமில்லை. தினந்தோறும் பால் வண்டி வரும் ஊரைவிட்டு மந்தையை நெடுந்தொலைவு ஓட்டிச் சென்றால் வருமானம் அன்றே நிற்கும். ஆகவே மழை தவறிய வருஷத்தில் மந்தையைப் புல்லிடம் ஓட்டிச் செல்வதற்குப் பதிலாகப் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கையும் வைக்கோலையும் மந்தையிடம் விலைகொடுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது; க்ஷாமத்தில் தீவன விலை ஏறும்போது கடனும் உடன் ஏறும். நடந்து பிழைத்தவன் நின்ற இடத்தில் பிழைக்க வேண்டியவனானான். பால் பெருகியதைக் கணக்கெடுக்கும் புள்ளிவிவரங்களில் இது இடம்பெறுவதில்லை.

மரத்தை வேரோடு களைந்துவிட்டால் தீர்ந்தது என்று கூறுவோருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மந்தை இழந்த எளியவர்களும், மந்தை சிறுத்தவர்களும் அம்மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றே வயிறு கழுவுகிறார்கள். 2004இல் கரி சுடுவதற்கிருந்த தடை நீங்கியபோது பன்னியெங்கும் மூட்டம் புகைந்தது. 2008இல் தடை திரும்பி வந்தது. அடிக்கட்டையை விட்டு வெட்டியதால் மரம் முன்னிலும் புதராகத் துளிர்த்ததேயன்றி ஒழியவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் எருமை மேய்த்து அம்மரத்தைச் சபிப்பதும், தம்பி அதைச் சுட்டுக் கரியாக்கி அரிசி வாங்குவதும் அங்கே முரண்பாடாகக் கருதப்படுவதில்லை. வேருடன் அகழ்ந்த இடங்களில் நல்ல மழைக்குப் பின் புல் விரைவாகவே திரும்பி வருகிறதென்று அங்கே பரிசோதனை நடத்தியவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஆண்டுதோறும் நாற்றைக் களையாவிட்டால் மரமும் அதே விரைவில் திரும்பும். அந்த ஓயாத வேலையைச் செய்பவன் நிலத்தில் தனக்கு உரிமை உண்டென்று நம்புகிறவனாக இருக்க வேண்டும்.

நம்புவதற்கு ஆதாரம் எங்கே? 1955இல் பன்னி முழுவதும் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. மரமில்லாப் புல்வெளி காகிதத்தில் காடாயிற்று; மரம் நடும் யோசனை ஆறே ஆண்டுகளில் வந்ததற்கு இந்தக் காகிதமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாமென்று நான் ஐயுறுகிறேன். அறிவித்தார்களேயன்றி, யாருடைய உரிமை எதுவென்று அளந்து முடிக்கவில்லை. நிர்வாகமும் 1998 வரை வருவாய்த் துறையிடமே இருந்தது. இந்த இரட்டை நிலையால் கிராமங்கள் பல தலைமுறைகளாக இருந்தும் அவற்றின் நிலம் எவருடைய பேரேட்டிலும் சரியாக ஏறவில்லை. வனத்துறை பொறுப்பேற்ற பின், மரத்தைக் களைந்து புல் வளர்த்துக் க்ஷாமத்துக்குச் சேமிக்க என்று அடைப்பு நிலங்களை வகுத்தது. நோக்கம் நல்லதே, ஆனால் அகழி வெட்டிய ஒவ்வோர் அடைப்பும் மந்தையின் வழியில் ஒரு தடை. 2008இல் மால்தாரிகள் தங்களுக்கென்று கால்நடை வளர்ப்போர் சங்கம் ஒன்றை நிறுவி, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி சமூக உரிமை கோரினர். பழங்குடியினரல்லாத வனவாசிகள் 2005 டிசம்பருக்கு முன் 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. ஓரிடத்தில் தங்காமலிருப்பதே உயிர்பிழைக்கும் வழியாக இருந்த மக்களிடம் தங்கியிருந்ததற்குச் சாட்சி கேட்டால் அவர்கள் பழைய மேய்ச்சல் வரிச் சீட்டுகளைத் தேட வேண்டியதுதான். கிராமங்களின் கோரிக்கைகள் மாவட்ட அளவில் ஏற்கப்பட்ட பின்னும் பட்டயம் ஆண்டுக்கணக்கில் கைக்கு வந்து சேரவில்லை. அதற்கிடையே செல்வாக்குள்ளவர்கள் பொது மேய்ச்சலை உழுது பயிரிடத் தொடங்கினர். சங்கத்தார் 2018இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுக, 2021இல் ஆறு மாதத்துக்குள் ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு உத்தரவாயிற்று.

2022ஆம் ஆண்டுக் கோடையில் தோல் கழலை நோய் வந்தது. குஜராத்தில் அது முதலில் தலைகாட்டிய இடங்களுள் கட்சும் ஒன்று. மிகுதியாக அழிந்ததும் கட்சே. எருமையை அதிகம் தீண்டாமல் மாட்டையே தேர்ந்து தாக்கிய அந்நோய், ஆட்டம்மைக்குரிய தடுப்பூசி வந்து சேர்வதற்குள் எஞ்சியிருந்த காங்கிரேஜ் மாடுகளிற் பலவற்றைக் கொன்றது. மருத்துவர்கள் எண்ணிக்கையிற் குறைவு, தூரமோ அதிகம். பன்னியில் மாட்டை விடாமல் பிடித்திருந்தவர்களுக்கு அது எருமைக்கு மாறச் சொன்ன இறுதி அறிவிப்பாக அமைந்தது.

இன்று பன்னிக்கு வருகிற பிறரும் பலர். வெண்ணிற ரண்ணைக் காணத் தோர்டோ கிராமத்தில் குளிர்காலந்தோறும் கூடார நகரம் எழுகிறது. கைவினைஞர்களுக்கு அதனால் நன்மை உண்டு, மந்தைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சிவிங்கிப்புலிகளைப் பெருக்க வேலியிட்ட மையம் ஒன்றும் இந்தப் புல்வெளியில் திட்டமிடப்பட்டிருக்கிறது. அந்த விலங்கு இந்த நாட்டில் திரும்ப ஓடுவதை விரும்பாதவன் நானல்ல. ஆனால் எழுபது ஆண்டுகளாகப் பன்னிக்குச் செய்யப்பட்ட ஒவ்வொரு நன்மையும் மால்தாரியின் கணக்கில் பற்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆகையால் வரிசையை மாற்றியாக வேண்டும். நிலுவையிலுள்ள சமூக உரிமைப் பட்டயங்களை முதலில் கொடுக்கட்டும். அணைகளிலிருந்து மழைக்காலத்தில் ஒரு பங்கு நீரைக் கீழே விடட்டும். எந்த இடத்தில் மரத்தைக் களைவது, எங்கே கரிக்கு விடுவது என்பதைக் கிராம சபைகள் தீர்மானிக்கட்டும். அதன் பிறகு வேலி எங்கே வரலாமென்று அந்தச் சபைகளிடமே கேட்கட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை; 2006ஆம் ஆண்டுச் சட்டமே போதும்.